நியெப்லாவா, கலீமாவா, ஊமோவா? மங்கலான வானத்துக்குச் சரியான ஸ்பானிஷ் வார்த்தை பிடிக்கிற வழி

சுமத்ரா பக்கம் காடு எரிய ஆரம்பிச்சு காத்தும் நம்ம பக்கமா திரும்பிட்டா சிங்கப்பூர்ல எல்லாரும் காலைல எந்திரிச்சதும் பிஎஸ்ஐ, அதாவது காத்துல எவ்ளோ மாசுன்னு காட்டுற நம்பர், எவ்ளோன்னு ஃபோன்ல பாக்குறது வழக்கம். அந்த நேரத்துல ஸ்பானிஷ் கிளாஸ் போறவங்க, ஆபீஸ்ல மெக்சிகோ சிலி ஆளுங்களோட மெசேஜ் பண்றவங்க, எல்லாருக்கும் ஒரே கேள்விதான், இந்தப் புகைமூட்டத்த அவங்க பாஷைல என்னன்னு சொல்றது? ஆப்ல தட்டினா ஒரு தடவ நெப்லீனான்னு காட்டும், வேற வாக்கியத்துல போட்டா ப்ரூமான்னு காட்டும், இன்னொரு ஆப் கலீமான்னு சொல்லும். மூணுமே அகராதில இருக்குற வார்த்தைதான், ஆனா கேக்குற ஆளு மனசுல மூணும் மூணு வேற வேற வானத்தக் கொண்டு வரும், அங்கதான் பிரச்சன.

என் வழி ரொம்ப சிம்பிள். அகராதியத் தொறக்குறதுக்கு முன்னாடி ஜன்னலத் தொறந்து பாருங்க. காத்துல இருக்கறது தண்ணியா, தூசியா, புகையா? இல்ல காத்து சுத்தமாத்தான் இருக்கு, மங்கலா இருக்கறது உங்க கண்ணாடியா, கண்ணா? இது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. மீதிப் பாதி, எந்த நாட்டு ஆளுகிட்ட பேசுறீங்கங்கறது.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உச்சரிப்பு பத்தி ரெண்டு வரி, ஏன்னா நான் எல்லாத்தையும் தமிழ் எழுத்துலதான் டைப் பண்ணப் போறேன். தமிழ் ஆளுங்களுக்கு இந்த விஷயத்துல லக்கு உண்டு. நம்ம 'பாதம்'ல வர்ற மெல்லிசான த இருக்கே, நுப்லாதோங்கற வார்த்தைல கடைசில வர்றதும் கிட்டத்தட்ட அதே சத்தம்தான். வேற பாஷைக்காரங்க இதுக்கு மாசக்கணக்கா நாக்கத் திருகுவாங்க. ஞ-வும் நம்மகிட்ட ரெடியா இருக்கு, ஸ்பானிஷ்ல என் எழுத்து மேல ஒரு சின்ன அலை போட்டிருப்பாங்களே அது நம்ம ஞ. நடுவுல ஒத்தைய எழுதினா மெல்லிசா சொல்லுங்க, ரெட்டையா எழுதினா அழுத்திச் சொல்லுங்க, நாதா வேற நாத்தா வேற. ஒரே ஒரு எடத்துல தமிழ் எழுத்து கைய விரிச்சிடும்: வார்த்தையோட மொத எழுத்து. பார்வைக்கும் பீஸ்தா, ப்ளேன் ஓடுற ரன்வேக்கும் பீஸ்தா, தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுதான். பார்வைக்கு உள்ள பீஸ்தாவ 'பீமன்' ப மாதிரி சொல்லுங்க, ரன்வேக்கு 'பீர்க்கங்காய்' ப. பாதாம் பிஸ்தாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது.

சரி, தண்ணிலேருந்து ஆரம்பிப்போம்.

தமிழ்ல இருந்து ஸ்பானிஷ்க்குப் போறவங்களுக்கு இங்க ஒரு தனிப் பள்ளம் இருக்கு. நமக்கு 'பனி'ங்கற ஒரே சொல்லு காலைல புல்லுல நிக்கிற துளிக்கும் ஆகும், மலை மேல தவழ்ற மூட்டத்துக்கும் ஆகும், இமயமலைல கொட்டுற வெள்ளைக்கும் ஆகும். ஸ்பானிஷ்ல மூணுக்கும் தனித்தனி. புல்லு மேல நிக்கறது ரொசீயோ, காத்துல மூட்டமா நிக்கறது நியெப்லா, வானத்துலேருந்து கொட்டுற வெள்ளை நியேவெ. நியெப்லாவும் நியேவெயும் காதுக்கு வேற கிட்ட கிட்ட இருக்கும், அதனால அவசரத்துல மாத்திச் சொல்லிடுவாங்க. புக்கிட் தீமா பக்கம் காலைல நியேவெ இருந்துச்சுன்னு சொன்னா எதிர்ல இருக்குறவரு ஸ்கீ எடுத்துட்டு வரட்டுமான்னு கேப்பாரு.

நியெப்லா, நெப்லீனா, ப்ரூமா மூணும் தண்ணித் துளியாலதான். வித்தியாசம் எவ்ளோ தூரம் தெரியுதுங்கறதுல. வானிலைக்காரங்க கணக்கு உலகம் பூரா ஒண்ணுதான்: ஒரு கிலோமீட்டருக்குள்ளயே பார்வை முட்டி நின்னுட்டா அது நியெப்லா, ஒரு கிலோமீட்டரத் தாண்டியும் தெரியுது ஆனா மங்கலா ஈரமா இருக்குன்னா அது நெப்லீனா, இல்லாட்டி ப்ரூமா. நம்ம ஊர்ல இதுக்கு கைவசம் ஒரு அளவுகோலே இருக்கு. உட்லண்ட்ஸ் காஸ்வே நீளம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான். இந்தப் பக்கம் கரைல நின்னு பாக்கறப்ப ஜோகூர் கரை மொத்தமா மறைஞ்சு போச்சுன்னா நியெப்லா, கட்டடம் எல்லாம் கோட்டுப் படம் மாதிரி லேசா தெரியுதுன்னா நெப்லீனா. ஜாம்ல காருக்குள்ள உக்காந்திருக்கறப்ப இதப் ப்ராக்டிஸ் பண்ணலாம், நேரம் தாராளமா கிடைக்கும்.

ஆனா இது வானிலை ஆபீஸ் பேச்சு. தெருவுல பேசுறவங்க டேப் வச்சு அளக்கறதில்ல. ஸ்பெயின்ல சாதாரண பேச்சுக்கு நியெப்லாதான் மொத வார்த்தை. லத்தீன் அமெரிக்காவுல நிறைய எடத்துல, மெக்சிகோ பெரு பக்கமெல்லாம், நல்லா அடர்த்தியா ரோடே தெரியாம இருந்தாக்கூட நெப்லீனான்னு சாதாரணமா சொல்வாங்க. அதனால மெக்சிகோ ஆளு மெசேஜ்ல நெப்லீனான்னு எழுதியிருந்தா லேசான பனிதான்னு நீங்களா முடிவு கட்டிடாதீங்க, அவரு வண்டி ஓட்ட முடியாம ஓரமா நின்னுட்டுகூட இருக்கலாம். சந்தேகம் இருந்தா கூட ஒரு சொல்லு சேத்துக்கங்க. நியெப்லா தென்சான்னா அடர்த்தி, நியெப்லா செர்ராதான்னா சுத்தமா மூடிக்கிட்டது, பாங்க்கோ தெ நியெப்லான்னா ரோட்டுல அங்கங்க திட்டா நிக்கறது. ஸ்பெயின்ல வாடகைக் காரு எடுக்கறவங்க இந்தக் கடைசி ஒண்ணையாவது தெரிஞ்சு வச்சுக்கணும், ஹைவேல போர்டுல வரும்.

ப்ரூமா கொஞ்சம் கவிதையான சொல்லு. கடல் மேல எழும்பற மூட்டத்துக்கு ரொம்பப் பொருந்தும். ஈஸ்ட் கோஸ்ட்ல விடியக்காலைல நின்னு பாத்தா தூரத்துல வரிசையா நங்கூரம் போட்ட கப்பல் எல்லாம் பாதி கரைஞ்ச மாதிரி தெரியுமே, அதுக்கு ப்ரூமான்னு சொன்னா கேக்கறவங்க தலையாட்டுவாங்க. கோஸ்தா ரிக்காவுல கார்த்தாகோன்னு ஒரு ஊரு, அந்த ஊரு கால்பந்து டீமோட பட்டப்பேரே ப்ரூமோசோஸ், மூட்டக்காரங்கன்னு. ஆனா மெசேஜ்ல சாதாரணமா எழுதறப்ப இதப் போட்டா கொஞ்சம் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும், நான் பெரும்பாலும் தவிர்ப்பேன்.

தண்ணி வகைல இன்னும் ரெண்டு ஊர் வார்த்தை இருக்கு, அந்த ஊர்க்காரங்க கிட்ட சொன்னா மொகம் மலரும். பெரு நாட்டுத் தலைநகரம் லீமா. கடலோரம் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் ஓடுது, அதனால ஜூன்லேருந்து சில மாசம் ஊரே சாம்பல் மூடிப் போட்ட மாதிரி கிடக்கும், நம்ம ஊரு மாதிரி கொட்டற மழை அங்க பேருக்குக்கூட கிடையாது, ஆனா மூஞ்சில ஊசி ஊசியா ஈரம் படும், குடை பிடிக்கவும் முடியாது பிடிக்காம இருக்கவும் முடியாது. அதுக்குப் பேரு கரூவா, க-வ கங்கை க மாதிரி சொல்லணும். தலைக்கு மேல நிக்கிற அந்த அழுக்குச் சாம்பல் வானத்துக்கு பான்சா தெ பூர்ரோன்னு பேரு, கழுதை வயிறுன்னு அர்த்தம். இதே கழுதை வயிறு கேனரித் தீவுலயும் உண்டு, அங்க கிரான் கனாரியாவோட வடக்குப் பக்கம் மேகம் மூடிக்கிட்டு நிக்கறதச் சொல்வாங்க. ஒரு பெருங்கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வானத்தப் பாத்துட்டு ஒரே கழுதை ஞாபகம் வந்திருக்கு பாருங்க.

இன்னொண்ணு கமன்ச்சாக்கா. சிலியோட வடக்குல அதக்காமா பாலைவனம், ஒலகத்துலயே வறண்ட எடங்கள்ல ஒண்ணு, ஆனா கடல்லேருந்து கெட்டியா ஒரு மூட்டம் ஏறி வந்து மலைச்சரிவுல முட்டி நிக்கும். அந்த மூட்டத்த வலை கட்டிப் பிடிச்சு தண்ணியா மாத்துறாங்க, வலைக்குப் பேரு அத்ராப்பநியெப்லாஸ், மூடுபனி பிடிப்பான். 1990கள்ல சுங்குங்கோன்னு ஒரு மீனவ கிராமத்துக்கு குடிதண்ணியே பக்கத்துல எல் தோஃபோ மலைல கட்டின வலைலேருந்துதான் போச்சு. சிலி ஆளுகிட்ட வானிலை பேச ஆரம்பிக்கணும்னா இத விட நல்ல வாசல் கிடையாது.

மழைய இதுல கலக்காதீங்க. நம்ம ஊர்ல எதிர் ப்ளாக் காணாமப் போறதுக்கு நிறைய நாள் காரணம் மழைதான், விடியக்காலைல சுமத்ரா காத்து அடிச்சு ஊத்துறப்ப பத்தாவது மாடிலேருந்து கார்பார்க்கூட தெரியாது. அது நியெப்லா இல்ல. ஆகுவசேரோன்னு சொல்லுங்க, கொட்டுற மழை. கண்ண மறைக்குதுன்னு அழுத்திச் சொல்லணும்னா கொர்த்தீனா தெ ஆகுவா, தண்ணித் திரை.

இப்ப தூசி. கலீமா. கலிமா சொல்றதுன்னு நம்ம முஸ்லிம் நண்பர்கள் சொல்வாங்களே அது இல்ல, இதுல லீ-ய நீட்டணும். இந்தோனேசியாவுல கலிமந்தான்லேருந்து புகை வர்றதால கலீமான்னும் நினைச்சுக்காதீங்க, அது வெறும் சத்தப் பொருத்தம். கேனரித் தீவுக்காரங்களுக்கு கலீமான்னா சஹாரா. ஆப்பிரிக்கா பாலைவனத்து மண்ணு காத்துல ஏறி கடல் தாண்டி வந்து ஊர் மேல இறங்கறது. வானம் ஆரஞ்சு ஆயிடும், காத்து சூடா காய்ஞ்சு போயிருக்கும், கார் மேல விரல்ல பேர் எழுதலாம். 2020 பிப்ரவரி கடைசில அடிச்ச கலீமால கேனரித் தீவு ஏர்போர்ட் எல்லாம் மூட வேண்டியதாப் போச்சு. 2022 மார்ச்ல ஸ்பெயின் நிலப்பகுதிக்கே வந்து மத்ரீத் வானமே செவ்வாய் கிரகம் மாதிரி ஆச்சு, அந்த வாரம் முழுக்க அந்த நாட்டு டிவில இதே பேச்சுதான்.

இங்கதான் கொஞ்சம் நுணுக்கம். வானிலை ஆபீஸ் விளக்கத்துல கலீமான்னா காய்ஞ்ச, ரொம்பப் பொடித் துகள் காத்துல மிதந்து பார்வைய மங்க வைக்கிறது. அந்த விளக்கத்த அப்படியே எடுத்துக்கிட்டா நம்ம புகைமூட்டமும் கலீமா கணக்குலதான் சேரும். அதனால ஆப் சொல்றது தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா நீங்க மத்ரீத்ல இருக்குற ஒருத்தருக்கு சிங்கப்பூர்ல கலீமான்னு எழுதினா அவரு மண்டைல ஓடறது ஆரஞ்சு மண்ணு, ஒட்டகம், சஹாரா. காடு எரியுற வாசன அந்த வார்த்தைல இல்லவே இல்ல. அதனால என் கருத்து, நம்ம ஊர் விஷயத்துக்கு கலீமா வேண்டாம். லத்தீன் அமெரிக்கா ஆளுங்கள்ல நிறைய பேருக்கு இது அன்றாட வார்த்தையும் இல்ல.

தூசியே வேற மாதிரி இருந்தா, அதாவது லாரி போன பின்னாடி எழும்பற புழுதி, கட்டுமான சைட்ல பறக்குற மண்ணு, அதுக்கு போல்பரேதா. வெறும் தூசிக்கு போல்போ.

அடுத்தது புகை, நமக்கு வேணுங்கறது இதுதான். ஊமோ. எழுத்துல முன்னாடி ஒரு ஹெச் இருக்கும், அதுக்கு சத்தம் கிடையாது, ஹூமோன்னு சொல்லிடாதீங்க. நிறைய பேருக்கு இந்த வார்த்தை ரொம்ப சாதாரணமா இருக்கே, சிகரெட்டுக்கும் சமையலுக்கும் சொல்றதாச்சே, ஒரு ஊரையே மூடின விஷயத்துக்கு இன்னும் பெரிய வார்த்தை வேணாமான்னு தோணும். தேவையில்ல. நம்ம மாதிரியே அனுபவிச்ச ஊர்க்காரங்க என்ன சொன்னாங்கன்னு பாருங்க. 2008 ஏப்ரல்ல அர்ஜென்டினாவுல பரானா ஆத்துக் கழிமுகத்துல மேய்ச்சல் நிலத்தக் கொளுத்தின புகை புவெனோஸ் ஐரெஸ் நகரத்தையே மூடிடுச்சு, ரோட்டுல விபத்து, ஹைவேய மூடினாங்க. நம்ம கதை மாதிரியே இருக்கு இல்ல? அங்க ஜனங்க வாயில வந்தது எல் ஊமோ, அந்தப் புகை, அவ்ளோதான். பொலிவியால இன்னும் பொருத்தம். அங்க விவசாயத்துக்காக காட்ட எரிக்கறதுக்குன்னே சக்கேஓன்னு தனிச் சொல்லு வச்சிருக்காங்க, ஆகஸ்ட் செப்டம்பர்ல சான்த்தா க்ரூஸ் பக்கம் வானம் அப்படியே நம்ம 2015 செப்டம்பர் புகைமூட்டம் மாதிரி ஆயிடும். அந்தப் பெரும்புகைக்கு ஊமரேதாங்கறாங்க. ஒரு பொலிவியாக்காரர் கிட்ட இந்தோனேசியால நடக்கறதும் சக்கேஓதான்னு சொல்லுங்க, அதுக்கு மேல ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படாது.

அதனால நம்ம ஊருக்கு நான் சொல்ற வாக்கியம் இதுதான்: ஆய் மூச்சோ ஊமோ போர் லோஸ் இன்செந்தியோஸ் என் இந்தொனேசியா. இந்தோனேசியாவுல எரியுற தீயால நிறைய புகை இருக்குன்னு அர்த்தம். வார்த்தைய மட்டும் தூக்கிப் போடாம காரணத்தையும் சேத்துச் சொல்றதுலதான் விஷயம் இருக்கு, ஏன்னா வெறும் ஊமோன்னு சொன்னா பக்கத்து வீட்டுல ஏதோ எரியுதான்னு பதறிடுவாங்க. ஸ்பானிஷ் நியூஸ்ல நம்ம பக்கத்துச் செய்தி வர்றப்ப நூபெ தோக்சிக்கா, விஷ மேகம்னு தலைப்புப் போடறதப் பாத்திருக்கலாம். அது தலைப்புக்கு ஓகே, நீங்க நண்பருக்கு எழுதறப்ப அப்படிப் போட்டா அவரு உங்க குடும்பத்த வேற நாட்டுக்கு மாத்தச் சொல்லி ஃபோன் பண்ணுவாரு.

ப்ரூமாவோட சேத்து ப்ரூமா தெ ஊமோன்னு சொல்றதும் உண்டு, அது எனக்குப் பிடிக்கும், மங்கலும் வருது காரணமும் வருது. ரிப்போர்ட்டு, ஈமெயில் மாதிரி கொஞ்சம் முறையான எடத்துக்கு நல்லா இருக்கும்.

பிஎஸ்ஐய அப்படியே சொன்னா வெளிநாட்டுல யாருக்கும் புரியாது. இந்திசெ தெ கலிதாத் தெல் ஆயிரென்னு சொல்லுங்க, காத்துத் தரக் குறியீடு, அப்புறம் நம்பர். நம்பருக்கு மேல ஒரு வரி விளக்கம் கண்டிப்பா வேணும், நூறுக்கு மேல போனா உடம்புக்கு ஆகாது, முந்நூறத் தாண்டினா அபாயம், அப்படின்னு. 2013 ஜூன் 21 மதியம் நம்ம ஊர்ல 401 தொட்டுச்சுன்னு சொன்னா, அளவுகோல் தெரியாதவங்களுக்கு அது வெறும் நம்பர். கூடவே உவேலெ ஆ கெமாதோன்னு போடுங்க, கருகின வாசன அடிக்குதுன்னு. என்னக் கேட்டா இந்த ஒரு வரி எல்லாப் பெயர்ச்சொல்லையும் விட நல்லா வேலை செய்யும், ஏன்னா பனிக்கும் வாசன கிடையாது, மேகத்துக்கும் கிடையாது. மெ ஆர்தென் லோஸ் ஓஹோஸ், கண்ணு எரியுது, இதையும் சேத்துட்டா படம் முழுசா வந்துடும்.

மாஸ்க்குக்கு மட்டும் ஜாக்கிரதை, நாட்டுக்கு நாடு மாறும். ஸ்பெயின்ல மஸ்கரீயா, மெக்சிகோல குப்ரெபோக்காஸ், கொலம்பியால தாப்பபோக்காஸ், அர்ஜென்டினா பொலிவியால பர்பீஹோ. எத சொன்னாலும் புரியும், கோவிட் புண்ணியத்துல எல்லாரும் எல்லாத்தையும் கேட்டுட்டாங்க.

காட்டுத்தீ இல்ல, ஊருக்குள்ள வண்டி, ஆலை விடற அழுக்குன்னா எஸ்மோக். இங்கிலீஷ்லேருந்து போனதுதான், ஸ்பானிஷ் அகாதெமி முன்னாடி ஒரு எ போட்டுச் சேத்துக்கிச்சு. மெக்சிகோ நகரம் 2240 மீட்டர் ஒசரத்துல, சுத்தி மலை இருக்குற கிண்ணத்துக்குள்ள இருக்கு, மேல சூடான காத்து மூடி போட்டுட்டா கீழ இருக்குற அழுக்கு வெளிய போக வழியில்ல. அந்தப் பழுப்புப் படலத்த அவங்க நாத்தான்னு கிண்டலா சொல்வாங்க, பால் மேல படியுற ஆடை. மத்ரீத்காரங்க அதையே போய்னாங்கறாங்க, அவங்க ஊரு தட்டைத் தொப்பி. அளவு மீறினா மெக்சிகோல அரசாங்கம் கொன்த்தின்ஹென்சியா அம்பியென்த்தால்னு அறிவிச்சு வண்டி ஓட்ட கட்டுப்பாடு போடும். 2019 மே மாசம் சுத்துப்புறக் காட்டுத்தீப் புகையால அப்படி அறிவிச்சு ஸ்கூலயும் மூடினாங்க, நம்ம ஊர்ல 2015 செப்டம்பர் 25 ஸ்கூல் மூடின மாதிரியே.

மேகமூட்டத்துக்கு நீளமா சொல்ல ஒண்ணும் இல்ல. வானம் மேல மூடியிருக்கு ஆனா எதிர்ல எல்லாம் தெளிவாத் தெரியுதுன்னா அது எஸ்தா நுப்லாதோ, நம்ம மப்பும் மந்தாரமும். புகைமூட்டத்துக்கு நுப்லாதோ சொல்லாதீங்க, அவ்ளோதான். புழுக்கத்துக்கு பொச்சோர்னோ, இது மங்கலே இல்ல, ஆனா சிங்கப்பூர்ல இருந்துட்டு இந்த வார்த்தை தெரியாம ஸ்பானிஷ் பேசவே முடியாது.

இலக்கணத்துல ஒரே ஒரு எடம் கவனிக்கணும். பொருளா சொன்னா ஆய்: ஆய் நியெப்லா, ஆய் ஊமோ, ஆய் கலீமா. தன்மையா சொன்னா எஸ்தா: எஸ்தா நுப்லாதோ. ஆசெங்கறது சூடு, குளிரு, காத்து, புழுக்கம் மாதிரி விஷயத்துக்கு. ஆசெ கலோர்னு மொத பாடத்துல படிச்சதால எல்லாத்துக்கும் ஆசெ போட்டு ஆசெ நியெப்லான்னு சொல்ற பழக்கம் க்ளாஸ்ல நிறைய பேருக்கு இருக்கும், விட்ருங்க அத. அப்புறம் நியெப்லா, ப்ரூமா, கலீமா எல்லாம் பெண்பால், மூச்சா நியெப்லா. ஊமோ ஆண்பால், மூச்சோ ஊமோ. கடைசி எழுத்து ஆ-வா ஓ-வான்னு பாத்தாலே தெரிஞ்சிடும்.

இனி காத்துல ஒண்ணுமே இல்ல, கண்ணாடிலதான் பிரச்சனைங்கற கேஸ். எம்ஆர்டிலேருந்தோ மால்லேருந்தோ வெளிய கால் வச்ச உடனே கண்ணாடி வெள்ளையா ஆயிடும்ல, ஏர்கான்ல குளிர்ந்த கண்ணாடில வெளி ஈரக்காத்து படிஞ்சு. அதுக்கு எம்ப்பஞார்ங்கற வினைச்சொல்லு. செ மெ எம்ப்பஞாரோன் லோஸ் லென்த்தெஸ், எனக்குக் கண்ணாடில ஆவி படிஞ்சிடுச்சு. ஸ்பெயின்ல லென்த்தெஸுக்குப் பதிலா லாஸ் காஃபாஸ். அங்க குளிர்காலத்துல இது தலைகீழா நடக்கும், வெளிலேருந்து கடைக்குள்ள நுழையறப்பதான் மூடும். வாயால ஊதினா கண்ணாடில படியற ஆவிக்குப் பேரு பாஓ.

அந்த செ மெ-ங்கற துண்டப் பாருங்க. நான் பண்ணல, அதுவா எனக்கு நடந்துச்சுங்கற அர்த்தம். இங்கிலீஷ் வழியா ஸ்பானிஷ் படிக்கிறவங்க இதுல தலைய பிச்சுக்குவாங்க. நமக்கு எனக்குப் பசிக்குது, எனக்குத் தலை சுத்துதுன்னு பேசிப் பழகினதால இது சொந்த வீட்டு வாசல் மாதிரி இருக்கும், அதனால இங்கிலீஷ்ல யோசிக்காம நேரா தமிழ்லேருந்தே தாவுங்க. எனக்குக் கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சுங்கறது அப்படியே செ மெ நுப்லோ லா பீஸ்தா. மயக்கம் வர்ற மாதிரி இருக்கறப்ப டாக்டர் கிட்ட இதச் சொல்லணும். பவர் கூடிப்போயி எழுத்து கலங்கலாத் தெரியுதுன்னா பேஓ பொர்ரோசோ, நடுவுல ர்ர நல்லா உருட்டணும். ரெண்டும் வேற வேற வியாதி, மாத்திச் சொல்லாதீங்க. தண்ணி கலங்கலா இருந்தா தூர்பியோ, இதையே ஒரு பிசினஸுக்குச் சொன்னா அதுல ஏதோ தில்லுமுல்லு இருக்குன்னு அர்த்தம்.

ஒண்ணும் தெரியலங்கறதுக்கு பொதுவா நோ செ பே நாதா போதும், எந்த நாட்டுலயும் செல்லும், காரணம் தெரியாட்டிகூட சொல்லிடலாம். ஸ்பெயின்காரங்க கூட நெருங்கிப் பழகிட்டா நோ பேஓ த்ரெஸ் என் உன் பூர்ரோன்னு சொல்லிப் பாருங்க, கழுதை மேல மூணு பேரு உக்காந்திருந்தாலும் எனக்குத் தெரியலங்கறது. மறுபடியும் கழுதை. ஆபீஸ் மெயில்ல வேண்டாம், அங்க ஆய் போக்கா பிசிபிலிதாத், பார்வை குறைவா இருக்கு.

ஊமோ வச்சு ஒரு எச்சரிக்கை. பெந்தேர் ஊமோன்னா புகை விக்கிறது, அதாவது ஒண்ணுமில்லாதத பெருசா பேசி ஏமாத்தறது. கொர்த்தீனா தெ ஊமோன்னா கவனத்த திசை திருப்ப விடற புகைத்திரை. மீட்டிங் நடக்கறப்ப ஜன்னலக் காட்டாம, காரணம் சொல்லாம, ஆய் மூச்சோ ஊமோன்னு மட்டும் சொல்லி வச்சீங்கன்னா எதிர்ல ப்ரெசன்டேஷன் குடுக்குற ஆளு தன்னச் சொல்றீங்கன்னு எடுத்துக்கலாம், அதனாலதான் அந்த இந்தொனேசியாவ விடாதீங்கன்னேன்.

மழை வந்து எல்லாம் கழுவிட்டுப் போச்சுன்னா யா செ தெஸ்பெஹோ, இப்ப தெளிஞ்சிடுச்சு. வானம் தெளிவா இருக்குங்கறதுக்கு எஸ்தா தெஸ்பெஹாதோ. நியெப்லா கலைஞ்சா செ தீசிப்போன்னும் சொல்லலாம், லெபன்த்தோ லா நியெப்லான்னும் சொல்லலாம், மூட்டம் எந்திரிச்சுப் போயிடுச்சுங்கற மாதிரி. ஸ்பெயின்ல மஞானீத்தா தெ நியெப்லா, தார்தெ தெ பசேஓன்னு ஒரு பழமொழி உண்டு, காலைல மூடுபனின்னா சாயங்காலம் உலாவப் போகலாம்னு. அது நியெப்லாவுக்கு மட்டும்தான், ஊமோவுக்கு ஆகாது. நம்ம புகைமூட்டத்துக்கு சாயங்காலமும் உத்தரவாதம் கிடையாது, காத்து திரும்பணும், இல்ல மழை வரணும், அதுவரைக்கும் ஜன்னல சாத்திட்டு உள்ளயே உக்காந்து ப்ராக்டிஸ் பண்ணுங்க.